போர்ட் எலன் வடிசாலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முளைகட்டி உலர்த்திய பார்லியிலிருந்து (அதுதான் ‘மால்ட்’) ஒரே வடிசாலையில் வடிக்கும் விஸ்கிக்குச் சிங்கிள் மால்ட் என்று பெயர். அதைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் கொஞ்ச நேரத்தில் போர்ட் எலன் பெயர் வந்துவிடும். கூடவே சந்தேகங்களும் வரும். மூடியதா திறந்ததா, இவ்வளவு விலை எதற்கு, போலியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்களின் பேச்சிலேயே கீழே தொகுத்திருக்கிறோம்.

போர்ட் எலன்னா ஊர் பேரா, விஸ்கி பேரா?

இரண்டும்தான். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் ஐலா என்றொரு தீவு. அதன் தென்கரையில் வால்ட்டர் ஃபிரெட்ரிக் கேம்பெல் என்ற நிலச்சுவான்தார் 1821-இல் ஒரு துறைமுக ஊரை அமைத்து, மனைவி எலனோரின் பெயரை அதற்கு வைத்தார். நான்கு ஆண்டு கழித்து, 1825-இல், அந்த ஊரின் ஓரத்தில் கடலை ஒட்டி இந்த வடிசாலை வந்தது.

ஊரிலிருந்து கிழக்கே போகும் ஒரே சாலையில் லஃப்ரோய்க், லகாவுலின், ஆர்ட்பெக் மூன்றும் வரிசையாக இருக்கின்றன. புகைவாடை தூக்கலான விஸ்கி என்றாலே நினைவுக்கு வரும் பெயர்கள் இவை. போர்ட் எலனும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான்.

யார் ஆரம்பிச்சாங்க? ராம்சே, ராம்சேன்னு ஒருத்தர் பேர் அடிபடுதே, அவர்தானா?

ஆரம்பித்தவர் அலெக்சாண்டர் கெர் மக்கை. சீக்கிரமே கடனில் மூழ்கிவிட்டார். அவருக்குப் பின் கைமாறி, 1830-களில் ஜான் ராம்சே என்ற இளைஞரிடம் வந்தது. வடிசாலையை நிமிர்த்தியவர் அவர்தான். 1892-இல் இறக்கும்வரை அது அவர் கையில் இருந்தது. அமெரிக்காவுக்கு நேரடியாக விஸ்கி அனுப்பினார். வரி கட்டாமலே பீப்பாய்களைக் கிடங்கில் வைத்து, விற்கும்போது மட்டும் வரி கட்டும் முறைக்காக அரசோடு மல்லுக்கட்டினார். பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார். வடித்த சாராயம் பூட்டிய கண்ணாடிப் பெட்டி வழியே ஓடுவதைப் பார்க்க முடியும், தொட முடியாது என்ற ஏற்பாடு இருக்கிறதே, அந்த ‘ஸ்பிரிட் சேஃப்’ இங்கேதான் முதலில் சோதிக்கப்பட்டது என்று சொல்வதுண்டு.

ராம்சேயைப் புகழும்போது ஒன்றை விட்டுவிடுகிறார்கள். கேம்பெல் நொடித்துப் போனபின் 1855-இல் கில்டால்டன் பண்ணை நிலம் முழுவதையும் ராம்சே வாங்கினார். அவர் காலத்தில்தான் அந்த நிலத்துக் குத்தகைக் குடிகள் பலர் கனடாவின் ஒன்டாரியோவுக்குக் கப்பலேறினார்கள். 1870-இல் அவரே அங்கே போய் அவர்களைப் பார்த்துவிட்டும் வந்தார். உதவி என்பாரும் உண்டு, வெளியேற்றம் என்பாரும் உண்டு. தீவில் இன்றும் இரண்டு பேச்சும் இருக்கிறது.

1983-ல மூடினாங்கன்னு ஒரு இடத்துல, 1929-ல மூடினாங்கன்னு இன்னொரு இடத்துல. எது சரி?

இரண்டும் சரி. ராம்சே குடும்பம் 1920-இல் விற்றது. வாங்கியவர்கள் டூவர், புக்கானன் என்ற பெரிய கலவை விஸ்கி நிறுவனங்கள், அதாவது பல வடிசாலைகளின் விஸ்கியைக் கலந்து விற்பவர்கள். 1925-இல் அவை டிஸ்டில்லர்ஸ் கம்பெனி லிமிடெட்டில், அதாவது டி.சி.எல்.-இல், இணைந்தன. அமெரிக்காவில் மதுவிலக்கு நடந்துகொண்டிருந்த காலம் அது. 1929 வாக்கில் வடிப்பு நின்றது. கிடங்குகளும் மால்ட் தளமும் மட்டும் பயன்பாட்டில் இருந்தன.

கிட்டத்தட்ட நாற்பது ஆண்டு அப்படியே கிடந்தது. 1960-களில் விஸ்கி தேவை ஏறியதும் புதுப்பித்து, இரண்டு ஸ்டில்களை (வடிக்கும் செப்புக் கலங்களை) நான்காக்கி, 1967-இல் திறந்தார்கள். 1983 மே மாதம் மறுபடி மூடினார்கள். ஆக இரண்டாம் வாழ்வு பதினாறு ஆண்டுதான். இன்று உலகம் கொண்டாடும் போர்ட் எலன் புட்டிகள் ஏறக்குறைய அனைத்தும் அந்தப் பதினாறு ஆண்டில் வடித்தவை. ‘1825 முதல் வரும் பாரம்பரியச் சுவை’ என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

அவ்வளவு நல்ல விஸ்கின்னா எதுக்கு மூடினாங்க?

அன்று அதை யாரும் அவ்வளவு நல்ல விஸ்கி என்று நினைக்கவில்லை என்பதுதான் நேர்மையான பதில். ஜானி வாக்கர் போன்ற கலவை விஸ்கிகளுக்குப் புகைவாடை சேர்க்கும் ஒரு சரக்கு, அவ்வளவே. சொந்தப் பெயரில் சிங்கிள் மால்ட்டாக அதை விற்கும் எண்ணமே நிறுவனத்துக்கு இல்லை.

விஸ்கித் தொழிலின் அடிப்படைச் சிக்கல் ஒன்று உண்டு. இன்று வடிப்பது எட்டு, பத்து, பன்னிரண்டு ஆண்டு கழித்துத்தான் விற்பனைக்கு வரும். 1970-களின் ஏறுமுகத்தை நம்பி எல்லோரும் வடித்துத் தள்ளினார்கள். பின்னாலேயே எண்ணெய் நெருக்கடி, பொருளாதாரத் தேக்கம், அமெரிக்கர்கள் வோட்கா பக்கம் சாய்ந்தது என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. கிடங்குகள் நிரம்பி வழிந்தன. அந்தத் தேக்கத்துக்கு ‘விஸ்கி ஏரி’ என்றே பெயர் வந்தது. வட்டி விகிதம் உச்சத்தில் இருந்த நேரத்தில், விற்காத சரக்கை வைத்திருப்பதே நஷ்டம். 1983-இல் மட்டும் டி.சி.எல். 11 மால்ட் வடிசாலைகளை மூடியது. போர்ட் எலன் அவற்றில் ஒன்று.

அதே கம்பெனிக்கு ஐலாவுல மூணு இருந்துச்சே. இதை மட்டும் ஏன் பலி கொடுத்தாங்க?

கூல் ஈலா, லகாவுலின், போர்ட் எலன் ஆகிய மூன்றும் அவர்களுடையவை. கூல் ஈலாவை 1970-களின் தொடக்கத்தில் இடித்து, ஆறு ஸ்டில்களோடு புதிதாகக் கட்டி 1974-இல் திறந்திருந்தார்கள். குறைந்த செலவில் அதிகம் வடிக்கக்கூடிய ஆலை அது. லகாவுலினுக்குத் தனிப் பெயரும், வொயிட் ஹார்ஸ் கலவையில் நிரந்தர இடமும் இருந்தன. போர்ட் எலன் கொடுத்த புகைவாடையைக் கூல் ஈலாவிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்பதால், கணக்குப் பார்ப்பவர் கண்ணுக்கு இது உபரியாகத் தெரிந்தது.

தீவில் மற்றவர்களும் தப்பவில்லை. வேறு நிறுவனத்தின் கையிலிருந்த ஆர்ட்பெக் 1981-லேயே நின்றுபோய், 1989-இல்தான் மறுபடி ஓடியது.

மூடிக்கிடந்த காலத்துலயும் அங்கே புகைபோக்கியில புகை வந்துச்சே, அது என்ன?

அது பக்கத்திலேயே இருக்கும் மால்ட் ஆலை. டி.சி.எல். தன் ஐலா வடிசாலைகளுக்கெல்லாம் ஒரே இடத்தில் மால்ட் தயாரிக்க 1973-இல் கட்டியது. பார்லியை இரண்டு நாள் போல விட்டுவிட்டு நீரில் ஊறவைப்பார்கள். பிறகு ராட்சத உருளைகளுக்குள் போகும். இங்கே ஏழு உருளைகள். ஒவ்வொன்றும் 50 டன்னுக்கு மேல் கொள்ளும். ஐந்து நாள் அளவில் முளை விடும். உருளை அவ்வப்போது சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேர்கள் பின்னிப் பாய் மாதிரி இறுகிவிடும், உள்ளே சூடேறி முளை கெட்டுப்போகும்.

அடுத்தது உலர்த்தும் சூளை. ஐலாச் சுவை பிறப்பது இங்கேதான். சதுப்பு நிலத்தில் வெட்டி உலர்த்திய ‘பீட்’ கரிமண்ணை எரித்து, தானியம் ஈரமாக இருக்கும்போதே புகையை ஏற்றுவார்கள். ஈர உமியில்தான் புகை நன்றாகப் பிடிக்கும். காய்ந்த பிறகு எவ்வளவு எரித்தாலும் கரிமண்தான் வீண். புகை ஏறியபின் வெறும் வெப்பக் காற்றில் உலர்த்துவார்கள்.

வடிசாலை மூடியதும் மால்ட் ஆலைக்கும் வேலை குறைந்தது. 1987-இல் தீவின் வடிசாலைகள் கூடி, குறிப்பிட்ட அளவு மால்ட்டை இங்கிருந்தே வாங்குவதாக ஒப்புக்கொண்டதால் ஆலையும் அதன் வேலைகளும் பிழைத்தன. அதனால்தான் விஸ்கி ஓடாத காலத்திலும் போர்ட் எலன் பெயர் தீவில் புழங்கிக்கொண்டே இருந்தது. பழைய வடிசாலைக் கட்டடங்களோ பெரும்பாலும் இடிக்கப்பட்டன. கடலோரக் கிடங்குகளும் சூளைக் கோபுரங்களும் மிஞ்சின.

மூடின ஆலையிலேர்ந்து எப்படி வருஷா வருஷம் புது புட்டி வந்துச்சு?

வடிப்பு நின்றதே தவிர, வடித்தது தீரவில்லை. 1983-இல் நின்றபோது பீப்பாய்கள் கிடங்குகளில் இருந்தன. கலவைக்குப் போனவை போக மிஞ்சியவை சும்மா முதிர்ந்துகொண்டிருந்தன. நிறுவனம் 1986-இல் கின்னஸ் கைக்குப் போய், 1997-இல் டியாஜியோ ஆயிற்று. அதற்குள் சிங்கிள் மால்ட்டுக்குத் தனிச் சந்தை உருவாகிவிட்டது. 1998-இலும் 2000-இலும் ‘ரேர் மால்ட்ஸ்’ வரிசையில் 1978-இல் வடித்த இரண்டு வெளியீடுகள் வந்தன. 2001 முதல் ஆண்டுக்கொரு சிறப்பு வெளியீடு தொடங்கியது.

முதல் வெளியீடு: 1979-இல் வடித்தது, வயது 22, ஆல்கஹால் 56.2%, 6,000 புட்டிகள். இரண்டாவது 12,000 புட்டிகள். பிறகு எண்ணிக்கை படிப்படியாக இறங்கி, 2010-இலிருந்து 3,000 அளவிலேயே நின்றது. 2017-இல் வந்த பதினேழாவதுடன் வரிசை முடிந்தது. அதற்குப் பிறகு வந்தவை இன்னும் சிறிய அளவில், இன்னும் பெரிய விலையில். பெரும்பாலான ஆண்டுகளில் வந்தது 1978 அல்லது 1979 சரக்கு. கடைசி ஆண்டான 1983-இன் சரக்கு வந்தது 2015-இல் வெளியான பதினைந்தாவதில்தான்.

பதினேழையும் கூட்டினால் 80,000 புட்டிகளைத் தாண்டும். ‘உலகத்திலேயே கிடைக்காத விஸ்கி’ என்ற பேச்சோடு இந்த எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். உண்மையில் கிடைக்காதவை வேறு. 1980-இல் எலிசபெத் அரசி மால்ட் ஆலைக்கு வந்தபோது போட்ட 12 ஆண்டுப் புட்டி அப்படிப்பட்டது.

சுவை எப்படி இருக்கும்? லஃப்ரோய்க் மாதிரியா?

லஃப்ரோய்க்கின் மருந்துவாடை இதில் குறைவு. எலுமிச்சைத் தோல், கடல் உப்பு, தார், ஈரக் கயிறு, கொஞ்சம் எண்ணெய்ப்பசை என்று பொதுவாகச் சொல்வார்கள். இனிப்பு குறைவு, வறண்ட, கண்டிப்பான விஸ்கி. முதல் வாயிலேயே மயக்கிவிடும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

இதற்குப் பீப்பாயும் காரணம். கலவைக்குத்தானே என்று புதுப் பீப்பாய்களில் பணம் போடவில்லை. இரண்டு மூன்று முறை பயன்படுத்திச் சாரம் இறங்கிப்போன அமெரிக்க ஓக் பீப்பாய்களில்தான் பெரும்பகுதியை ஊற்றி வைத்தார்கள். வீரியமான பீப்பாயாக இருந்திருந்தால் முப்பது ஆண்டில் மரக் கசப்பு ஏறி விஸ்கியை விழுங்கியிருக்கும். களைத்த பீப்பாய் மெதுவாக வேலை செய்ததால் வடிசாலையின் குணம் அப்படியே நின்றது. சிக்கனம் பார்த்தது முப்பது ஆண்டு கழித்து லாபமாயிற்று. யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல.

என்கிட்ட 1979-ல வடிச்ச 22 வருஷப் புட்டி இருக்கு. இப்ப அதுக்கு நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல ஆயிடுச்சு இல்லையா?

இல்லை. விஸ்கிக்குப் பீப்பாய்க்குள் இருக்கும்வரைதான் வயது ஏறும். புட்டியில் அடைத்த நாளோடு நின்றுவிடும். உங்களுடையது என்றைக்கும் 22 ஆண்டு விஸ்கிதான்.

பீப்பாயிலேயே விட்டு வச்சா இன்னும் அருமையா ஆகுமே, ஏன் அவசரப்பட்டு அடைச்சாங்க?

காற்றில் போவதைக் கணக்குப் போடுங்கள். ஸ்காட்லாந்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2% ஆவியாகும். 250 லிட்டர் பீப்பாயில் 35 ஆண்டு கழித்துப் பாதிக்குச் சற்றுக் குறைவாகவே மிஞ்சும். 70 சென்டிலிட்டர் புட்டிகளாகப் போட்டால் 175 அளவில் வரும். பீப்பாயில் கசிவு இருந்தால் அதுவும் இல்லை.

அடுத்தது வீரியம். அந்த ஈரமான காலநிலையில் தண்ணீரைவிட ஆல்கஹால் சீக்கிரம் போகும். 40%-க்குக் கீழே இறங்கினால் சட்டப்படி அதை ஸ்காட்ச் என்றே அழைக்க முடியாது. போர்ட் எலன் இதில் கெட்டிக்காரத்தனமாகத் தாக்குப்பிடித்தது. 37 ஆண்டுப் பதினாறாவது வெளியீடுகூட 55.2%. ஆனாலும் முப்பத்தைந்துக்கு மேல் வயது கூடக் கூடச் சுவை கூடும் என்பது விற்பவர்களின் கணக்கு. எங்கள் எண்ணத்தில் இருபதுகளின் கடைசியிலிருந்து முப்பதுகளின் தொடக்கம்வரை உள்ளவையே சிறந்தவை.

லேபிள்ல வேற கம்பெனி பேரு பெருசா, போர்ட் எலன்னு சின்னதா இருக்கு. அது டூப்ளிகேட்டா?

அவசியமில்லை. சிக்னட்டரி, டக்ளஸ் லேங், கார்டன் அண்ட் மக்ஃபெயில், கேடன்ஹெட் போன்ற நிறுவனங்கள் பீப்பாய்களை வாங்கித் தாங்களே அடைத்து விற்றன. பெரும்பாலும் ஒரே பீப்பாயிலிருந்து வந்தவை என்பதால் புட்டிக்குப் புட்டி தரம் மாறும். சில மிக அருமை, சில தட்டை. வடித்த தேதி, அடைத்த தேதி, பீப்பாய் எண் மூன்றும் லேபிளில் இருப்பவற்றையே பாருங்கள். வடித்த ஆண்டு 1983-க்குப் பிறகு என்று போட்ட ‘பழைய’ போர்ட் எலன் இருக்க முடியாது.

ஏலத்துல ஒண்ணு வருது. வாங்கலாமா? எதைப் பார்க்கணும்?

முதலில் எண்கள். சிறப்பு வெளியீடு ஒவ்வொன்றுக்கும் வெளியீட்டு எண், வடித்த ஆண்டு, வயது, ஆல்கஹால் விழுக்காடு, மொத்தப் புட்டிகள் ஆகியவை நிலையானவை. மூன்றாவது என்றால் 1979, 24 ஆண்டு, 57.3%, 9,000 புட்டிகள். ஒன்றில் பொருந்தாவிட்டாலும் விட்டுவிடுங்கள். தனிப் புட்டி எண் மொத்தத்தைவிடப் பெரிதாக இருந்தாலும் அப்படியே.

இரண்டாவது, விஸ்கியின் மட்டம். கழுத்துவரை நிற்க வேண்டியது தோள்வரை இறங்கியிருந்தால் தக்கை ஒழுகுகிறது. மூன்றாவது, மூடி உறை. சுருக்கமோ வெட்டுத் தடமோ இருந்தால், காலிப் புட்டியில் வேறு விஸ்கியை நிரப்பியிருக்க வாய்ப்பு உண்டு. போலிகளில் மலிவான வழி அதுதான். விலை மிகப் பெரிதென்றால் கதிரியக்கக் கார்பன் சோதனை உண்டு. அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் ஏறிய கார்பன்-14 ஆண்டுக்காண்டு குறைந்து வந்திருப்பதால், 1978 பார்லியையும் சமீபத்திய பார்லியையும் பிரித்தறிய முடியும். புட்டியைத் திறக்காமல் ஊசி வழியே துளி எடுப்பார்கள்.

ஏலத் தொகைக்கு மேல் வாங்குபவர் கட்டணமும், அதற்கு வரியும், காப்பீட்டோடு அனுப்பும் செலவும், உங்கள் நாட்டுச் சுங்கமும் வரும். இவற்றைக் கூட்டிப் பார்த்த பிறகு கை தூக்குங்கள். 2001-இல் முதல் வெளியீடு நூறு பவுண்டைச் சுற்றி விற்றது. 2015-இல் வந்தது 2,400 பவுண்டு. அந்த ஏற்றம் இனியும் அதே வேகத்தில் தொடரும் என்று நம்பி வாங்குவது சூதாட்டம்.

2024-ல திறந்துட்டாங்களாமே? அப்ப பழைய சுவை திரும்ப வரும்தானே?

திறந்துவிட்டார்கள். 2017-இல் டியாஜியோ அறிவித்தது. 2024 மார்ச்சில் வடிப்பு அதிகாரபூர்வமாகத் தொடங்கியது. பழைய ஸ்டில்களின் அளவையும் வடிவத்தையும் அப்படியே ஒத்த ஒரு செப்பு இணை, சோதனைகளுக்கென்று சிறிய இன்னோர் இணை, வடியும் சாராயத்தைப் பத்துப் பகுதிகளாகப் பிரித்தெடுக்கும் ஸ்பிரிட் சேஃப் என்று அமைத்திருக்கிறார்கள். வழக்கமாகத் தலை, நடு, வால் என மூன்றாகவே பிரிப்பார்கள்.

ஸ்டில் வடிவம் ஒத்திருப்பது பெரிய விஷயம். ஆனால் 1970-களில் பரவலாக இருந்த கோல்டன் ப்ராமிஸ் பார்லி இன்று பெரும்பாலான வயல்களில் இல்லை. அன்று பல இடங்களில் சேர்த்த பியர் ஈஸ்ட்டும் வழக்கொழிந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, மேலே சொன்ன களைத்த பீப்பாயும் மறதியும் சேர்ந்த முப்பது ஆண்டு. ‘இதே சுவைதானா’ என்று நியாயமாக ஒப்பிட 2050-கள் வரை காத்திருக்க வேண்டும்.

புது சரக்கு எப்போ கடைக்கு வரும்? இப்போ விக்கிறதெல்லாம் என்ன?

மூன்று ஆண்டு ஓக் பீப்பாயில் இருந்தால்தான் சட்டப்படி ஸ்காட்ச் விஸ்கி. ஆகவே 2027 மார்ச்சுக்கு முன் புதிய போர்ட் எலன் விஸ்கி என்று எதுவும் இருக்க முடியாது. மூன்று ஆண்டு முடிந்ததும் விற்றாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. திறப்பை ஒட்டி வந்த ‘ஜெமினி’ இரட்டைப் புட்டி 1978-இல் வடித்த 44 ஆண்டுச் சரக்கு. 274 ஜோடி, ஜோடி 45,000 பவுண்டு. அதைப் புது ஆலையின் விஸ்கி என்று நினைத்துக் கேட்பவர்கள் நிறைய.

1983-ல டி.சி.எல். மூடின அந்த 11-ல மத்ததெல்லாம் என்ன ஆச்சு?

ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி. பிரோரா 2021-இல் திறந்தது. பென்ரோமாக், நாக்டூ இரண்டும் வேறு நிறுவனங்களுக்கு விற்கப்பட்டு மீண்டும் ஓடுகின்றன. டல்லஸ் டூ அருங்காட்சியகம் ஆனது. லின்லித்கோவின் செயின்ட் மாக்டலின் அடுக்குமாடிக் குடியிருப்பு. இன்வெர்னஸில் இருந்த கிளென் மோர், கிளென் ஆல்பின் இரண்டையும் இடித்துக் கடைவளாகம் கட்டினார்கள். ரோஸ்பேங்கையும் இந்தப் பட்டியலில் சேர்க்கிறார்கள், தவறு. அது மூடியது 1993-இல், மறுபடி திறந்தது 2024-இல்.

வீட்ல ஒரு பழைய புட்டி இருக்கு. எப்படிப் பாதுகாக்கிறது, திறந்தா என்ன பண்ணணும்?

ஒயின் போலப் படுக்கவைக்காதீர்கள். 55% ஆல்கஹால் தக்கையை அரித்துவிடும். நிற்கவைத்து, வெயிலும் வெளிச்சமும் படாத அலமாரியில், வெப்பம் ஏறி இறங்காத இடத்தில் வையுங்கள். நம் ஊர் வெயிலில் மேல்மாடிப் பரண் கூடவே கூடாது.

திறப்பதற்கு முன் புட்டியைச் சில விநாடி சாய்த்துத் தக்கையை நனைத்துவிட்டு, நிமிர்த்தி, மெல்லத் திருகியபடி இழுங்கள். இருபது ஆண்டுத் தக்கை உடைவது சகஜம். மாற்றுத் தக்கை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே தொடங்குங்கள். துணுக்குகள் உள்ளே விழுந்தால் காபி வடிகட்டும் தாளில் வடித்து, சுத்தமான புட்டியில் மாற்றலாம், சுவை கெடாது. குடிக்கும்போது சில துளி தண்ணீர் சேர்த்துப் பாருங்கள். இந்த வீரியத்தில் அதில்லாமல் பாதி வாசனை மூக்குக்கு எட்டாது. புட்டி பாதிக்குக் கீழே இறங்கியதும் உள்ளே காற்று அதிகமாகி வாசனை மங்கத் தொடங்கும். மீதியைச் சிறிய புட்டிகளில் முட்ட நிரப்பி மூடிவிடுங்கள்.